மேகலாவின் எண் இனி மேகலாவின் பெயரில்

அன்பு மகனுக்கு,

நீ துண்டிக்கச் சொன்ன இணைப்பை நான் துண்டிக்கவில்லை. அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கம்வரை உன்னைக் காக்க வைத்துவிட்டுச் சொல்வது எனக்கு அழகாகாது. மேகலாவின் கைப்பேசி எண்ணை என் பெயரிலிருந்து விடுவித்து, அவளுடைய பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டு, இன்று மதியப் பேருந்தில்தான் ஜொகூர் பாருவிலிருந்து பண்டார் தெங்காராவுக்குத் திரும்பினேன். கால்கள் வலிக்கின்றன. ஆயினும் அடுப்பைப் பற்றவைக்க மனமில்லாமல், கூடத்து மேசையில் அமர்ந்து உனக்கு இதை எழுதுகிறேன். அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை ஒழுங்காகக் கட்டி முடிப்பதற்குள் "சரிம்மா, வேலை இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று நீ வைத்துவிடுவாய். எழுத்தை அப்படி வைத்துவிட இயலாது. மடித்து இழுப்பறைக்குள் போட்டாலும், நீ படிக்கும்வரை அது அங்கே இருக்கும்.

சென்ற வாரம் நீ அழைத்தபோது நான் பின்கட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். நீயாக அழைப்பது அரிது என்பதால் ஈரக் கையோடு எடுத்தேன். மணவிலக்கு முடிந்துவிட்டது என்றாய். நீதிமன்றத்தில் குளிரூட்டி கெட்டுப்போயிருந்தது என்றாய், வாகனம் நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்றாய். மேகலா எப்படி இருந்தாள் என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. பிறகு, வழியில் வாங்கி வரவேண்டிய பொருளொன்று நினைவுக்கு வந்தவனைப் போல ஆரம்பித்தாய்.

"அம்மா, அந்த லைன கட் பண்ணிடுங்க. இனிமே நாம எதுக்குக் கட்டணும்?"

"ஒரு மாசம் போகட்டுமே ஐயா. தீபாவளி வருது, அவளுக்கு வேலை நேரம்."

"அதுக்கும் நமக்கும் என்னம்மா? முடிஞ்சிருச்சு லா. அப்புறம், அந்த இடத்துல வேற ஒரு நம்பர் போட வேண்டியிருக்கும். எப்பன்னு சொல்றேன். மூணு லைன் இருந்தாத்தானே அந்த விலை நிக்கும், நீங்கதானே சொல்லுவீங்க."

ஆம், நான்தான் சொல்வேன். மூன்று இணைப்புகள் இருந்தால்தான் குடும்பத் திட்டத்தின் சலுகை விலை நிற்கும் என்று உனக்கு எடுத்துரைத்தவளே நான். அந்த அறிவை நீ இப்படித் திருப்பித் தருவாய் என்று எண்ணியதில்லை. யாருடைய எண் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஆனால் தெரிந்துகொண்டேன். நீ அழைப்பை முடித்தபின் வாளியிலிருந்த மீதித் துணிகளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன். மறுநாள் அவற்றை மறுபடியும் துவைக்க வேண்டியதாயிற்று.

நான் எந்த உரிமையில் உன் சொல்லை மீறினேன் என்று நீ கேட்பாய். அதற்கு விடை கூறப் பழைய சில செய்திகளை நான் எடுத்தாக வேண்டும். பொறுமையாகப் படி.

மளிகைக்கடைக் கல்லாவில் நான் அமர்ந்திருந்த ஆண்டுகள் உனக்கு நினைவிருக்கும். அரிசியும் நெத்திலியும் விற்றதைவிட, கைப்பேசிக்குப் பணம் ஏற்றும் அட்டைகளை நான் அதிகம் விற்றிருப்பேன். சம்பள நாளில் தோட்டத்து ஆட்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள். கல்லா மேசையிலேயே நாணயத்தால் சுரண்டுவார்கள். கண் தெரியாதவர்களுக்கு நான் எண்களைப் படித்துச் சொல்வேன். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு, அந்த அட்டைகளோடு வந்த மலாய்த் துண்டறிக்கைகளே பாடப்புத்தகங்கள் ஆயின. உன் பள்ளி அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிபந்தனையாகப் படித்தேன். எந்தத் திட்டத்தில் இணையத் தரவு அதிகம், எதில் செல்லுபடிக் காலம் குறைவு, எது மலிவாகத் தோன்றி ஒரு வாரத்தில் தீர்ந்துபோகும் என்று கேட்டவர்க்கெல்லாம் சொன்னேன். வானொலிச் செய்தியில் கேட்டுப் பழகிய தமிழில், பிரிபெய்டை முன்கட்டணம் என்றும் போஸ்ட்பெய்டைப் பின்கட்டணம் என்றும்தான் நான் குறிப்பிடுவேன். "கடையில போய் பின்கட்டணம்னு கேட்டுடாதீங்கம்மா, வீட்டுக்குப் பின்னால கட்டுறதான்னு கேப்பாங்க" என்று நீ கேலி செய்வாய். உன் கேலியை நான் ரசித்தேன், சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை.

உன் அப்பா முதலில் பின்கட்டணம்தான் வைத்திருந்தார். செம்பனை எண்ணெய் லாரி ஓட்டியவர். பாசிர் கூடாங் துறைமுகத்தில் இறக்குவதற்காக மணிக்கணக்கில் கடலோரம் காத்திருப்பார். அங்கே அவருடைய கைப்பேசி அக்கரை அலைவரிசையைப் பிடித்துக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை. மாதக் கடைசியில் வந்த கட்டணச் சீட்டைப் பார்த்து அவர் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "நான் சிங்கப்பூருக்குப் போனதே இல்ல. இந்த போன் மட்டும் தனியா போயி நல்லா செலவு பண்ணிட்டு வந்துருக்கு" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அடுத்த மாதமே முன்கட்டணத்துக்கு மாறிவிட்டார். கையில் இருப்பதற்குமேல் செலவாகாது, செலவாவது அப்போதே தெரியும் என்பது அவருடைய வாதம். கடைசிவரை அவர் அதில்தான் இருந்தார்.

முன்கட்டணத்தில் ஏமாந்தவள் நான். நீ வடக்கே விடுதியில் தங்கிப் படிக்கப் போனபோது, உன்னோடு பேச வேண்டும் என்பதற்காகவே என் கைப்பேசியில் பணம் சேர்த்து வைத்தேன். யாரையும் அழைக்கவில்லை. என் சொந்தத் தங்கையைக்கூட அழைக்கவில்லை. எல்லாம் உனக்காக இருக்கட்டும் என்று காத்தேன். பயன்படுத்தாமல் வைத்திருப்பது சேமிப்பு என்று நினைத்துவிட்டேன். மற்றவர்களுக்கு நாள்தோறும் செல்லுபடிக் காலத்தைச் சொன்ன நான், என்னுடையதைப் பார்க்கவில்லை. நாள் கடந்தது, இருந்த தொகை முழுவதும் போயிற்று, என் எண்ணும் நின்றுபோயிற்று. நீ விடுதியிலிருந்து அழைத்தபோது, அப்படியோர் எண்ணே இல்லை என்று ஒரு குரல் உனக்குச் சொல்லியிருக்கிறது. நீ பயந்து பக்கத்து வீட்டுக்கு அழைத்தாய். நான் ஓடிப்போய் எடுத்தபோது, "அம்மா, நீங்க இல்லன்னு சொல்றாங்கம்மா" என்று அழுதாய். மீசை முளைத்த பிள்ளை அப்படி அழுவதைக் கேட்டு அந்த வீட்டார் முன்னிலையில் நானும் அழுதேன். அந்தக் குரலை இந்த வாரம் முழுவதும் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். லைனைக் கட் பண்ணச் சொன்னவனுடைய குரலில் அது எங்கும் தென்படவில்லை.

பேசுவதற்காக வைத்திருப்பதைப் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். உனக்கு அதைக் கற்றுத்தராமல் விட்டேன். நீ சிங்கப்பூர் வேலைக்காக அக்கரையில் உட்லண்ட்ஸில் அறை எடுத்துத் தங்கத் தொடங்கிய பிறகு, சனிக்கிழமைகளில் மட்டும் மேகலா இருந்த வீட்டுக்கு வந்தாய். பிறகு இரண்டு சனிக்கிழமைகளுக்கு ஒருமுறை வந்தாய். எல்லைப் பாலத்தில் நெரிசல், அலுப்பு, கூடுதல் வேலை என்றாய். நான் உங்கள் வீட்டில் வந்து தங்கிய நாள்களில் நீயும் மேகலாவும் ஒரே நாற்காலியில் மாறி மாறி அமர்ந்து, ஆளுக்கொரு கைப்பேசியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். ஒரு வார்த்தை இராது. வரம்பில்லாத அழைப்புள்ள திட்டத்தை உங்களுக்கு வாங்கித் தந்தவள் நான். அதில் நீங்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளவே இல்லை. கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன். பெரியவர்கள் தலையிட்டால் பிள்ளைகளுக்குள் சிக்கல் வரும் என்று எனக்கு நானே நாகரிகமாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது மேகலாவின் எண்ணுக்கு வருகிறேன். உங்கள் திருமணம் முடிந்த மாதம். உன் அப்பா போனபின் வீட்டில் நானும் நீயுமாக இருந்த இரண்டு இணைப்புகளோடு மூன்றாவது ஒன்று சேர்ந்தால், குடும்பத் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் விலை குறையும், தரவையும் பகிர்ந்துகொள்ளலாம் என்று நான் கணக்கிட்டு வைத்திருந்தேன். மேகலாவிடம் ஏற்கெனவே ஒரு முன்கட்டண எண் இருந்தது. அது அவளுடைய சொந்தப் பெயரில் இருந்தது. குடும்பத் திட்டத்தில் சேரவேண்டுமானால் துணை இணைப்பாக அது என் பெயருக்கு மாறவேண்டும். கைப்பேசிக் கடைக்குப் போகும் வழியில் அவள் என்னிடம் கேட்டாள்.

"அத்தை, இந்த நம்பர் நான் ஸ்கூல்ல ஃபார்ம் ஃபைவ் படிக்கும்போது எங்கப்பா வாங்கிக் குடுத்தது. மாறிடாதுதானே?"

"நம்பர் மாறாதும்மா. பேரு மட்டும்தான் மாறும்."

"அப்ப சரி. நம்ம குடும்பத்துக்குள்ளதானே."

மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டாள். எனக்கும் பெருமையாக இருந்தது. சிலர் மருமகளுக்கு வளையல் போடுவார்கள். நான் அவளைக் குடும்பத் திட்டத்தில் சேர்த்தேன் என்று கடையில் எல்லோரிடமும் சொன்னேன். முதன்மை இணைப்பு வைத்திருப்பவர் விரும்பினால், துணை இணைப்பு எதையும் எப்போது வேண்டுமானாலும் துண்டிக்கலாம் என்ற நிபந்தனை அந்தத் தாளில் இருந்தது. நான் அதைப் படித்தேன். எந்த நிபந்தனையையும் படிக்காமல் விடுபவள் நான் அல்ல. படித்துவிட்டு, இது நமக்குத் தேவைப்படாத வரி என்று கடந்துபோனேன். ஒரு பெண் தன் தந்தை வீட்டிலிருந்து கொண்டுவந்த எண்ணை, விலை குறையும் என்ற ஒரே காரணத்துக்காக வேறொருத்தியின் கைக்குக் கொடுக்கும்படி செய்தேன். நகையை அப்படிக் கேட்டிருந்தால் ஊரே பேசியிருக்கும்.

நேற்றுக் காலை முதல் பேருந்தில் புறப்பட்டு, ஜொகூர் பாருவை அடுத்த ஸ்கூடாயில் அவள் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டுக்குப் போனேன். வீடு என்று சொல்வதற்கில்லை. ஒரு கடைக்குமேல் ஓர் அறையும் குளியலறையும். நீ அங்கே போயிருக்க மாட்டாய் என்பதால் சொல்கிறேன். நீளமான இஸ்திரி மேசை ஒன்று அறையின் பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறது. சுவரோரம் கம்பியில் புடவைகள். மக்கள் அனுப்பும் புடவைகளுக்கு முந்தானையும் கொசுவமும் முன்கூட்டியே மடித்து, ஊசி குத்தி, இஸ்திரி போட்டு, பெட்டியில் வைத்து அனுப்புகிறாள். உடுத்துகிறவர் இடுப்பில் சுற்றிக்கொண்டால் போதும். தீபாவளிக்காக வந்த பைகள் கதவுவரை அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பையிலும் அவளுடைய பெயரும் எண்ணும் அச்சிட்ட சிறிய அட்டை தொங்கியது.

என்னைக் கண்டதும் "வாங்க அத்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். என்னை இனி எப்படி அழைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை சொல் படித்த எனக்கும், மகனோடு உறவு முடிந்த மருமகளுக்குத் தமிழில் என்ன பெயர் என்று தெரியவில்லை.

"எப்பவும் போல கூப்பிடும்மா" என்றேன்.

அவள் நாற்காலியில் கிடந்த புடவைகளை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னாள். தேநீர் வைத்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, "அவரு லைன கட் பண்ணச் சொல்லிட்டாருதானே?" என்று கேட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏர் ஃபிரையரையே எடுத்துட்டுப் போயிட்டாரு அத்தை. லைன மட்டும் விட்டு வைப்பாரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மகனே. உன்னைப் பற்றிச் சிரிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அவளும் சிரித்தாள், உடனே நிறுத்திவிட்டாள்.

"கட் பண்ணிக்குங்க. நான் புது நம்பர் எடுத்துக்குறேன். உங்களுக்கு எதுக்கு வீட்டுல சண்டை?" என்றாள். அந்த வீறாப்பு எனக்குப் புரிந்தது. அவளுடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டு அதை ஏற்க என்னால் முடியவில்லை.

"பேங்க்கு கோட் எந்த நம்பருக்கு வருது?"

தேநீரை ஆற்றத் தொடங்கினாள்.

"காசு அனுப்புறவங்க எந்த நம்பருக்கு அனுப்புறாங்க?"

"இதுக்குத்தான்."

"இந்தப் பைங்க எல்லாம் யாரோடதுன்னு எதுல எழுதி வச்சிருக்கே?"

"வாட்சாப்லதான் அத்தை. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு." கைப்பேசியை இஸ்திரி மேசையில் கவிழ்த்து வைத்தாள். "கட் பண்ணிட்டா ரெண்டு மூணு மாசத்துல வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. யாரோ ஒருத்தருக்கு என் கஸ்டமருங்க போன் பண்ணி, என் சாரி ரெடியான்னு கேப்பாங்க." அதைச் சொன்ன பிறகுதான் அவள் அழுதாள். நீதிமன்றத்தைப் பற்றிப் பேசும்போது அழாதவள் அதற்கு அழுதாள். நான் எழுந்து போய் அணைத்துக்கொண்டேன். என் தோளில் அவளுடைய தலை எடையில்லாமல் இருந்தது. மெலிந்துவிட்டாள், மகனே. அதை உனக்கு யாராவது சொல்லவேண்டும் என்பதால் நான் சொல்கிறேன்.

நேற்றிரவு அவளுடனேயே தங்கினேன். இன்று காலை கைப்பேசி நிறுவனத்தின் கடை திறந்ததும் இருவரும் முகப்பில் நின்றோம். மலாய்ப் பெண் ஒருத்தி பொறுமையாக விளக்கினாள். நிலுவை ஏதுமிருந்தால் முதலில் கட்டவேண்டும். பிறகு உரிமையை என் பெயரிலிருந்து மேகலாவுக்கு மாற்றவேண்டும். அதன்பின் அவள் விரும்பினால் பின்கட்டணத்திலேயே தொடரலாம், அல்லது அதே எண்ணோடு முன்கட்டணத்துக்கு இறங்கலாம். இருவருடைய அடையாள அட்டையும் வேண்டும் என்றாள். "டுவா-டுவா ஐசி அடா, மக்சிக்?" இரண்டு பேருடைய அட்டையும் இருக்கிறதா என்று. எடுத்து வைத்தோம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மெனாந்து கெ?" என்றாள். மருமகளா என்பது பொருள். மேகலா தரையைப் பார்த்தாள். அந்தப் பெண் பேச்சுக்காகத்தான் கேட்டாள். விடை அவளுக்குத் தேவைகூட இல்லை. "அனாக்" என்றேன். மகள் என்று. அவள் தலையசைத்துவிட்டுத் தட்டச்சு செய்தாள். மேகலா என் புடவைத் தலைப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். சிறு பிள்ளைகள் கூட்டத்தில் பிடிப்பதுபோல.

எதில் தொடர்வது என்று பேசினோம். நான் அவளுக்குச் சிறியதொரு பின்கட்டணத் திட்டத்தையே பரிந்துரைத்தேன். பண்டிகைக்கால வேலையில் செல்லுபடி நாளை மறந்தால் என்னைப்போல் எண்ணை இழக்க நேரும். பின்கட்டணத்தில் அந்த ஆபத்து இல்லை, ஒரு ஜிபி தரவுக்கான விலையும் சற்று மலிவு. முன்கட்டணத்தில் ஒப்பந்தம் கிடையாது, வருமானம் குறைந்த மாதத்தில் சிறிய தொகுப்பு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் நாள்களை நினைவில் வைக்கவேண்டும். இரண்டையும் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"பிரிபெய்டே போதும் அத்தை. தீந்தா தீந்துச்சுன்னு எனக்கே தெரியும். எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்போது மாசக் கடைசியில ஒண்ணு வந்து நிக்காது."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ திட்டங்களைப் பற்றி வாதாடியவள் நான். முன்கட்டணப் படிவத்தையே கேட்டு வாங்கினேன்.

பழைய இணைப்பை நிறுத்திப் புதிய சிம் அட்டையைப் பொருத்திய பிறகு, அவளுடைய கைப்பேசியில் அலைவரிசை இல்லை. சிறிது நேரம் ஆகும் என்றாள் முகப்புப் பெண். பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்து இருவரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதோ தவறு செய்து எண்ணையே தொலைத்துவிட்டேனோ என்று தோன்றியது. அலைவரிசை வந்தது. வந்த கணமே வரிசையாகச் செய்திகள் விழத் தொடங்கின. முதலில் திறந்ததில் ஒரு பெண் குரல்: "மேகலா அக்கா, அம்மாவோடது ரெண்டு, என்னோடது ஒண்ணு, வியாழக்கிழமை கொண்டாந்தா முடியுமா? ப்ளீஸ் லா அக்கா." மேகலா அங்கேயே, நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, "முடியும், கொண்டாங்க" என்று பதில் பேசினாள். அந்தக் குரலில் ஒரு கடைக்காரியின் உறுதி இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

நாங்கள் புறப்படும்போது முகப்புப் பெண் என்னை மறுபடி அழைத்தாள். உங்கள் திட்டத்தில் ஓர் இடம் காலியாகிறது, வேறொருவரைச் சேர்த்தால் பழைய விலையே நிற்கும், யாரையாவது சேர்க்கிறீர்களா என்று கேட்டாள். நல்லெண்ணத்தில்தான் கேட்டாள். மேகலா அப்போது கதவருகே நின்றிருந்தாள். நீ சொன்ன அந்த வேறு எண் அந்தக் கணத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. மேகலாவுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், அவளுக்கு என்னைவிட முன்பே தெரிந்திருந்தது என்று கண்டுகொண்டேன். "தா பாயா" என்றேன். தேவையில்லை.

லார்கின் நிலையத்தில் பேருந்து ஏறும்வரை உடன் இருந்தாள். என் கையில் தண்ணீர்ப் புட்டியும் ரொட்டியும் வாங்கித் திணித்தாள். "போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்கால் குடுங்க அத்தை" என்றாள். வந்து சேர்ந்ததும் கொடுத்தேன். ஒருமுறை ஒலிக்கவிட்டு வைத்துவிட்டேன். அவள் எடுத்துப் பேசியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் தெம்பு இருந்திராது.

பிள்ளை குட்டி இல்லாததால் நல்லதாகப் போயிற்று என்று இங்கே பலர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதன் பொருள், இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது. என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவளை, உன் அப்பாவின் திதிக்கு எனக்கு முன்பே எழுந்து சமைத்தவளை, நான் சொல்லும் சொற்களைக் கேலி செய்யாமல் திருப்பிச் சொல்லிப் பார்த்தவளை நான் இழந்திருக்கிறேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் எந்த நீதிமன்றமும் எதையும் பிரித்துக் கொடுக்கவில்லை. இனி நான் அவளைப் பார்க்கப் போனால் அது உனக்கு எதிரான செயலாகத் தோன்றும். போகாவிட்டால் எனக்கு நானே எதிரியாவேன். இதற்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுதவும் விரும்பவில்லை.

நான் உன்மேல் கோபமாக இல்லை. கோபமாக இருந்தால் எளிதாக இருந்திருக்கும். உன்னை நான் வளர்த்தேன். நீ தவறு செய்யும்போது என் கையும் அதில் எங்கோ பட்டிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. மனம் மாறுவது மனிதருக்கு நேர்வதுதான். அவளோடு வாழ முடியவில்லை என்றால் வாழ முடியவில்லை. ஆனால் பிரிந்துபோகிறவளுடைய பிழைப்பை, விலை நிற்கவேண்டும் என்பதற்காக ஒரு தொலைபேசி அழைப்பில் அறுக்கச் சொன்னாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நீ கொடியவன் என்பதால் சொல்லவில்லை என்று அறிவேன். அது அவளுக்கு என்ன செய்யும் என்று நீ நினைத்தே பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது.

குடும்பத் திட்டத்தை நான் கலைத்துவிட முடிவு செய்திருக்கிறேன். என்னுடைய எண்ணை முன்கட்டணத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். எனக்குப் பேச்சுதான் வேண்டும், தரவு அதிகம் தேவையில்லை. உன்னுடைய எண்ணும் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. இது தண்டனை என்று எண்ணிக்கொள்ளாதே. துண்டிக்கும் அதிகாரம் உள்ள எதையும் இனி நான் கையில் வைத்திருக்க விரும்பவில்லை, அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை அடையாள அட்டையோடு வா. உனக்கும் மாற்றிக் கொடுக்கிறேன். நீ மாதத்தின் பெரும்பகுதியை அக்கரையில் கழிக்கிறாய், அங்கே தனி எண்ணும் வைத்திருக்கிறாய். ஆகவே இங்குள்ள எண்ணுக்குப் பெரிய பின்கட்டணத் திட்டம் வீண். செல்லுபடிக் காலம் நீண்ட முன்கட்டணம் ஒன்று, வங்கிச் செய்திகள் வருவதற்கும் நான் அழைப்பதற்கும் போதும். இங்கே தங்கும் நாள்களில் மட்டும் சிறு தரவுத் தொகுப்பு வாங்கிக்கொள். பாலத்துக்கு இந்தப் பக்கம் கடலோரத்தில் நிற்கும்போது அலைவரிசையைக் கையால் தேர்வு செய்து வை. இவற்றையெல்லாம் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. அம்மா திட்டுகிறாளா, திட்டம் சொல்கிறாளா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

வரப்போகிற அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். அவள் யார், எந்த ஊர், எப்போதிலிருந்து என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தபின் நான் எப்படிப்பட்டவளாக இருப்பேன் என்பது எனக்கே இப்போது விளங்கவில்லை. என்றாவது ஒரு நாள் அவளை அழைத்துவருவாய். கதவைத் திறப்பேன். உணவு பரிமாறுவேன். முகம் கோணாமல் இருக்க முயல்வேன். முதல் தடவையில் முடியாமல் போனால் பொறுத்துக்கொள்ளச் சொல். அவளிடமும் ஓர் எண் இருக்கும். யாரோ வாங்கிக் கொடுத்ததாகவோ, தன் முதல் சம்பளத்தில் அவளே வாங்கியதாகவோ இருக்கும். அதை என் பெயருக்கு மாற்றச் சொல்லாதே. உன் பெயருக்கும் மாற்றச் சொல்லாதே. விலை கூடினால் கூடட்டும், சலுகை போனால் போகட்டும். இதை அவளிடம் நீ சொல்லாவிட்டால், அவள் இந்த வீட்டுக்கு வரும் முதல் நாளில், அவளுக்குத் தேநீர் கொடுப்பதற்கு முன் நான் சொல்லிவிடுவேன்.

உன் அம்மா